வெர்னாவின் வலது கை

அமெரிக்க மலைப்பகுதிச் சுரங்க ஊரான பியூட் நகரத்தில் பாதிப் பேருடைய ரத்தத்தை வெர்னா கோஸ்கேலா எடுத்திருக்கிறாள். மேட்டு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் அதே நாற்காலி, அதே ரப்பர் பட்டை, அதே "கொஞ்சம் கைய இறுக்கி மூடுங்க". குத்தியதே தெரியவில்லை என்பார்கள். அவளுக்கு முகங்கள் சுலபமாக மறந்துவிடும், நரம்புகள் மறக்காது. மளிகைக் கடை வரிசையில் யாராவது வணக்கம் சொன்னால் அசடு வழிய நிற்பாள். அவர் கைச்சட்டையை மடித்துவிட்டால் போதும், "அட, இடது கை ஓடிப்போற நரம்பு, நீங்களா?" என்று ஊர் நியாயம் எல்லாம் பேசுவாள்.

கணவன் அலாஸ்காவுக்கு மீன் பிடிக்கப் போனவன், போனவன்தான். அதற்காக அவள் அழுதாளா என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. அவன் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பூசை முடிந்து நேராக 'இரண்டாம் ஷிஃப்ட்' மதுக்கடைக்குள் நுழைந்து, பின்னறை போக்கர் மேசையில் காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து அது வெர்னாவின் நாற்காலி.

கடையின் சொந்தக்காரி கொலீன்தான் சீட்டுப் போடுவாள். அவள் ஆடமாட்டாள். எதிரே ராடே. சுரங்கத்தில் மின்சார வேலை பார்த்து ஓய்ந்தவன், செர்பியக்காரன், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவன். பக்கத்தில் கஸ். பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன், அவன் வாய் மூடினால் அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். சுரங்கத்து அண்ணன் தம்பி இரண்டு பேரும் வருவார்கள். ஆளுக்கு ஒரு பேஸ்டி, அதாவது மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்டது, மேலே குழம்பு, ஒரு பியர். ஆட்டம் சின்ன ஆட்டம். தோற்றால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்காசு போகும், அவ்வளவுதான். ஆனால் ஆடும்போது ஒருவருக்கொருவர் இரக்கம் கிடையாது. சிநேகிதன் என்று விட்டுக்கொடுத்தால் அது மற்ற எல்லோரையும் ஏமாற்றுவது. அந்த மேசையில் அதைவிட அசிங்கம் வேறில்லை.

போக்கரில் உன் கையில் இருக்கும் இரண்டு சீட்டு உனக்கு மட்டும்தான் தெரியும். நடுவில் விரித்துப் போடும் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொது. ஒருவன் பந்தயம் கட்டினால் சீட்டை எறிந்து விலகலாம், அல்லது அதே அளவு கட்டி "பாக்கறேன்" என்று சொல்லி அவன் சீட்டைத் திருப்ப வைக்கலாம். மீதி எல்லாம் எதிராளியைப் படிப்பதில் இருக்கிறது. கஸ் பொய்யாகப் பந்தயம் கட்டினால் தன்னை அறியாமல் மூக்கால் ஏதோ பாட்டை முனகுவான். ராடேயிடம் நல்ல சீட்டு வந்தால் கழுத்து நரம்பு துடிக்கும். வெர்னாவைத் தவிர யாருக்கும் அது தெரியாது. அவள் கண்டுபிடித்துவிட்டதை ராடே எப்படியோ மோப்பம் பிடித்து ஒரு ஜூலை மாதம் முழுக்கக் கம்பளி மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்தான். வியர்வை தாங்காமல் கழற்றினான். கை நடுங்கினால் அந்த ஆளிடம் பெரிய சீட்டு இருக்கிறது, உடனே விலகிவிட வேண்டும். இது எல்லா மேசைக்கும் தெரிந்த சங்கதி. பொய் சொல்கிறவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். நிஜமாகவே அடித்தவனுக்குத்தான் சந்தோஷத்தில் கை ஆடும்.

வெர்னாவின் கை மட்டும் ஆடியதே இல்லை. ஒருமுறை நாலு ராணி வந்தபோதுகூட ஆடவில்லை. "ரத்தம் உறிஞ்சற கை, அதுக்கு ரத்தமே கெடையாது" என்பான் கஸ்.

ஆம்ப்ரோஸ் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவனும் அந்த மேசைக்காரன்தான். பக்கவாதம் வந்து பிழைத்து, வாய் கோணி, ஒரு கை தொங்கி, மறுபடி வந்து உட்கார்ந்தான். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அவன் பந்தயம் கட்டினால் எல்லோரும் விலகினார்கள். வெர்னாவே ஒருநாள் மூன்று ஏஸை வைத்துக்கொண்டு விலகினாள். வாரா வாரம் ஆம்ப்ரோஸ்தான் ஜெயித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தன் முன்னால் இருந்த சிப்புகளை, காசுக்குப் பதிலான வட்ட வில்லைகளை, ஒரு கையால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான், பாதியில் நிறுத்தினான், ஒவ்வொருவர் முகத்தையும் சுற்றிப் பார்த்தான். கோட்டை எடுத்துக்கொண்டு போனவன் பிறகு வரவே இல்லை. அந்தப் பார்வை வெர்னாவுக்கு நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

கொரோனா வந்தது, கடை மூடியது. கஸ்ஸின் மகள் எல்லோர் கையிலும் இருந்த கைபேசியிலும் கணினியிலும் ஒரு போக்கர் செயலியை ஏற்றி, அவர்களுக்கென்று தனி மேசை ஒன்று போட்டுக் கொடுத்தாள். பேசும் வசதியும் இருந்தது. முதல் வாரம் கஸ் வீட்டு நாய் குரைத்துத் தள்ளியது, ராடேயின் மூச்சு எல்லோர் சமையலறையிலும் கேட்டது. அடுத்த வாரமே பேச்சை அணைத்துவிட்டார்கள்.

மலையில் பனி இறங்கிய மாதங்களில் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் வெர்னாவுக்குப் பாதித் தூக்கத்தில் நடந்தவை போல இருந்தன. மதியமே ஆனாலும் ஜன்னல் வெளிச்சம் பால் கலந்த தண்ணீராக இருக்கும். தூரத்தில் பழைய சுரங்கக் கோபுரங்கள் பனியில் கரைந்து, இருக்கின்றனவா இல்லையா என்று தெரியாது. சமையலறை மேசையில் திரை திறந்திருக்கும். அதற்குள் ஒரு பச்சை மேசை, சுற்றிலும் ஆளுக்கொரு படம் வைத்த சின்னச் சின்ன வட்டங்கள். கஸ் ஒரு கரடி. ராடே அவனுடைய ஓட்டை லாரியின் படம். சீட்டுகள் யார் கையும் படாமல் மிதந்து வந்து விழும். கலைக்கும் சத்தமில்லை, சிப்பு உரசும் சத்தமில்லை, பியர் வாசனையில்லை. எல்லோரும் இருந்தார்கள், யாரும் இல்லை. ஏரிக்கு அடியில் உட்கார்ந்து ஆடுகிற மாதிரி இருந்தது, அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

மதுக்கடையில் ஒரு ஆட்டம் முடிவதற்குள் கஸ் கரடி துரத்திய கதையை ஆரம்பிப்பான், அண்ணன் தம்பி சண்டை போடுவார்கள், கொலீன் யாருக்காவது பியர் ஊற்றிவிட்டு வருவாள். இங்கே அதே நேரத்தில் நாலு ஆட்டம் ஓடிவிடும். முடிவு செய்ய அரை நிமிஷம் கொடுப்பார்கள், ஒரு கோடு தேய்ந்துகொண்டே வரும். ராடே ஒவ்வொரு முறையும் கோடு முடியும் வரை காத்திருப்பான். யோசிக்கிறானா, அடுப்பைப் பார்க்கப் போனானா, ஒன்றும் விளங்காது. கழுத்தே இல்லாத ஒரு லாரியை எப்படிப் படிப்பது? பழக்க தோஷத்தில் அவள் பந்தயம் கட்டாமல் தன் முறையைக் கடத்திவிடும்போது சமையலறை மேசையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவாள். கேட்க ஆள் இல்லை. யாராவது பெரிதாக ஜெயித்தால் கஸ் அவர் படத்தின்மேல் ஒரு தக்காளியை எறிவான். செயலியில் அதற்கு வசதி இருந்தது. தக்காளி வழிந்து மறையும். அவ்வளவுதான் பேச்சு.

தூக்கத்திலும் அந்தப் பச்சை வந்தது. ஒருநாள் கனவில் அவள் திரையின் ஓரத்தில் ரப்பர் பட்டையைக் கட்டி, விரலால் தடவித் தடவி நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். எங்கும் கிடைக்கவில்லை. திரைக்குள்ளிருந்து ராடே "நான் இங்கதான் இருக்கேன், பொறுமையா தேடு" என்றான். விழித்தபோது வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது.

அந்தக் குளிர்காலத்தில்தான் வலது கை ஆரம்பித்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுகிற மாதிரி தாமாகவே அசைந்தன. அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த நடுக்கம் உள்ளவர்கள் எத்தனையோ பேர் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். "சும்மா வச்சா ஆடும். என்னைப் பாத்து நீட்டுங்க, நின்னுடும்" என்று அவளே சொல்லியிருக்கிறாள். தன் கையைத் தானே நீட்டிப் பார்த்தாள். நின்றது. மடியில் வைத்தாள். ஆடியது. கொஞ்ச நேரம் நீட்டுவதும் வைப்பதுமாக உட்கார்ந்திருந்தாள்.

அது பார்க்கின்சன் நோய்தான் என்று மருத்துவர் உறுதி செய்தது ஒரு வெள்ளிக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமை வெர்னா கையில் ஒன்றுமே இல்லாமல் பொய்யாக எல்லாவற்றையும் கட்டி, ராடேயையே விலக வைத்தாள். அவள் படத்தின்மேல் மூன்று தக்காளி வந்து விழுந்தது. மேசைமேல் வலது கை தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்க, அவள் தனியாகச் சிரித்தாள், சிரிப்பு முடிந்ததும் அழுதாள். ஆனாலும் அந்தத் திரைக்கு அவள் நன்றி சொன்னாள். அங்கே அவள் நோயாளி இல்லை. அங்கே அவளை அடிக்கிறார்கள், ஏமாற்றுகிறார்கள், தக்காளி எறிகிறார்கள். இது போய்விட்டால் அவளும் ஆம்ப்ரோஸ்தான்.

அதனால்தான் கொரோனா தடுப்பூசியெல்லாம் போட்டு முடிந்து, வசந்தம் வந்து, கொலீன் தொலைபேசியில் கூப்பிட்டபோது வெர்னா சாக்குத் தேடினாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம மேசை போடறேன். வந்துடு."

"வீட்லேர்ந்தே ஆடலாமே கொலீன். சௌகரியமா பழகிப்போச்சு."

"என்னடி சௌகரியம்? எங்க மூஞ்சியெல்லாம் பாக்க வேணாமா ஒனக்கு?"

"இத்தன வருஷம் பாத்தது போதாதா?"

"கஸ்ஸு பல்லு கட்டிருக்கான், புதுசு. அதப் பாக்கறதுக்காவது வா. வாய மூடவே மாட்டேங்கறான்."

"எப்ப மூடினான்?"

கொலீன் சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "ராடே தெனமும் வந்து ஒன் நாற்காலிக்கு எதுத்தாப்ல ஒக்காந்து காப்பி குடிச்சிட்டுப் போறான். ஒண்ணும் சொல்ல மாட்டான், ஒனக்குத்தான் தெரியுமே. வந்துடு வெர்னா."

வெர்னா போனாள். கோட்டுப் பையில் கையை விட்டபடியே போனாள்.

பின்னறையில் அதே மஞ்சள் விளக்கு. பேஸ்டியின் வாசனை முகத்தில் அடித்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சிப்புகள் உரசும் சத்தம், கொலீன் சீட்டைக் கலைக்கும் சர்ரென்ற சத்தம், கஸ்ஸின் புதுப் பல். திரைக்குள் வட்டமாக இருந்தவர்களுக்கு இப்போது தோளும் தொப்பையும் மூச்சும் இருந்தன. ராடேக்கு முடி இன்னும் வெளுத்திருந்தது. கழுத்து அதே கழுத்து.

"வந்துட்டியா?" என்றான்.

"வந்துட்டேன்."

அதற்கு மேல் அவனுக்கும் தேவைப்படவில்லை, அவளுக்கும் தேவைப்படவில்லை.

முதல் இரண்டு சீட்டு வந்தது. வெர்னா அவற்றைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல வலது கையை அவற்றின்மேல் வைத்தாள். கை ஆடியது. மேசை முழுக்க அதைப் பார்த்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு, கையில் உருப்படியாக எதுவும் இல்லாமலே கொஞ்சம் சிப்பை முன்னால் தள்ளினாள். கஸ் வாயைப் பிளந்தான்.

"பாருங்கப்பா, பாருங்க. வெர்னாவோட கை நடுங்குது. என் ஆயுசுல இதப் பாப்பேன்னு நெனைக்கல. நான் இல்ல சாமி." சீட்டைத் தூக்கி எறிந்தான். அண்ணனும் தம்பியும் விலகினார்கள். ராடேயும் விலகினான்.

அவள் உயிர் திரும்பி வந்தது. யாருக்கும் தெரியவில்லை. பெரிய சீட்டு வந்ததால் நடுங்குகிறாள் என்று நினைக்கிறார்கள். ஊரில் வேறு யாராக இருந்தாலும் "உடம்புக்கு என்ன" என்று கேட்டிருப்பார்கள். சீட்டாடிகளுக்கு மட்டும்தான் இப்படிப் புத்தி போகும். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த ஆட்டத்திலும் கை ஆடியது, எல்லோரும் விலகினார்கள். அதற்கு அடுத்ததிலும் அப்படியே.

"ஒரு வருஷமா எல்லா நல்ல சீட்டையும் வீட்லயே சேத்து வச்சிருந்தியா?" என்றான் கஸ். "மனுஷன் ரெண்டு பேஸ்டி தின்னு உசுர் வாழறேன், எனக்கும் ஒண்ணு விட்டு வையேன்."

"ஒன் பல்லப் பாத்து சீட்டெல்லாம் பயந்து இந்தப் பக்கம் ஓடி வந்துடுச்சு" என்றாள் வெர்னா.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவில் அவள் தன் முன்னால் இருந்த சிப்புகளை அடுக்கினாள், சட்டென்று பாதியில் கை நின்றது. யாரும் அவளோடு ஆடவில்லை. அவள் கட்டுகிறாள், அவர்கள் விலகுகிறார்கள். ஆம்ப்ரோஸுக்கு நடந்ததும் இதுதான். இவர்கள் தெரியாமல் செய்கிறார்கள். தெரிந்த பிறகும் இதையேதான் செய்வார்கள், முகத்தில் இரக்கம் மட்டும் கூடுதலாக இருக்கும். அவள் பேஸ்டித் தட்டைத் தள்ளி வைத்தாள்.

அடுத்த ஆட்டத்தில் அவள் ஆரம்பத்திலேயே சீட்டை எறிந்துவிட்டுக் காப்பிக் கோப்பையின் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கஸ் கரடிக் கதையில் இருந்தான். கோப்பைக்குள் கரண்டி கிணுகிணு என்று மெதுவாக அடித்துக்கொண்டிருந்ததை அவள் தாமதமாகத்தான் கவனித்தாள். கையை மடிக்கு இழுத்தபோது ராடே கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளிடம் அப்போது சீட்டே இல்லை.

கொலீன் மறுபடி சீட்டுப் போட்டாள். வெர்னாவுக்கு ஏழும் ஐந்தும் வந்தது. நடுவில் விழுந்தவை கிங், பத்து, நாலு, இரண்டு, கடைசியில் ஜாக். அவளிடம் ஒரு ஜோடிகூட இல்லை. மற்றவர்கள் விலகிவிட்டார்கள், ராடே மட்டும் கூடவே வந்திருந்தான். அவளுக்குத் திடீரென்று என்ன வந்ததோ, தன்னிடம் இருந்த எல்லாச் சிப்பையும் நடுவில் தள்ளினாள். தள்ளும்போது கை கல்லாக இருந்தது. தள்ளி முடித்து மேசைமேல் வைத்ததும் ஆட ஆரம்பித்தது.

"போச்சுடா" என்றான் கஸ். "விட்டுட்டுப் போ ராடே. அவ கிங் ஜோடியோட வந்திருக்கா."

ராடே அசையவில்லை. வெர்னா அவன் கழுத்தைப் பார்த்தாள். நரம்பு அமைதியாக இருந்தது. அவனிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. விலகிவிடுவான், அவள் ஜெயித்துவிடுவாள். அவன் கண் அவள் கைக்குப் போனது, கோப்பைக்குப் போனது, பிறகு அவள் முகத்துக்கு வந்து நின்றது. கழுத்து நரம்பு துடிக்கத் தொடங்கியது. சீட்டைப் பார்த்து அல்ல, அவன் சீட்டைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்த நடுக்கம் சீட்டால் வந்ததல்ல என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

இத்தனை வருஷம் ஆடியதில் வெர்னா இப்படி ஒன்றை வேண்டிக்கொண்டதே இல்லை. கையில் ஒன்றுமில்லாமல் எல்லாவற்றையும் கட்டிவிட்டு, விலகிவிடாதே, ராடே, தயவுசெய்து விலகிவிடாதே என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். நீ விலகினால் நான் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவேன், பிறகு வரமாட்டேன். கண்ணில் அதைக் காட்டவும் வழியில்லை, காட்டினால் அதுவும் விட்டுக்கொடுக்கச் சொல்வதாகிவிடும். நேரத்தைத் தேய்க்கிற கோடு எதுவும் அங்கே இல்லை. ராடே தன் இஷ்டத்துக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். கொலீன்கூட அவசரப்படுத்தவில்லை.

"பாக்கறேன்" என்றான் ராடே. தன் சிப்பை நடுவில் தள்ளினான். இரண்டு எட்டைத் திருப்பிப் போட்டான்.

"எட்டு ஜோடியா?" கஸ் எழுந்தே விட்டான். "எட்ட வச்சிக்கிட்டு நடுங்கற கையோட மோதறியே, ஒனக்கு என்ன பைத்தியமா?"

வெர்னா ஏழையும் ஐந்தையும் திருப்பினாள். கஸ் மெல்ல உட்கார்ந்தான்.

ராடே இரண்டு கைகளையும் நீட்டி எல்லாச் சிப்பையும் தன் பக்கம் வாரினான். ஒன்றைக்கூட விடவில்லை. அவள் பக்கம் உருண்டு வந்த ஒரு சிப்பைக் குனிந்து எட்டி எடுத்துக்கொண்டான்.

"ஏழு அஞ்சு" என்றான். "வெக்கமா இல்ல?"

"இல்ல" என்றாள் வெர்னா. நன்றாக ஆடினாய் என்று சொல்லவும் அந்த மேசையில் விரல் முட்டியால் அதே இரண்டு தட்டுத்தான். அவள் வலது கையைத் தூக்கித் தட்டினாள். கை மேசையில் படிந்ததும் நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தது.

"ரெண்டு தட்டு போதும்மா" என்றான் கஸ். "கதவத் தட்டற மாதிரி தட்டற."

"அது பார்க்கின்சன், கஸ். இனிமே இப்படித்தான் தட்டும். ஒனக்கு வேணும்னா மொத ரெண்ட மட்டும் கணக்குல வச்சிக்கோ."

கொலீன் சீட்டுக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் தம்பி தங்கள் பியரைப் பார்த்தார்கள். கஸ்ஸின் புதுப் பல் வெளியே தெரியவில்லை. அந்த முகங்களில் அது மெல்ல வருவதை வெர்னா பார்த்தாள், ஆம்ப்ரோஸைச் சுற்றி வந்த அதே முகம்.

"சீட்டுப் போடு கொலீன்" என்றான் ராடே. "நான் இப்பத்தான் ஜெயிக்க ஆரம்பிச்சிருக்கேன். வெர்னா, காசு இருக்கா, இல்ல வீட்டுக்குப் போறியா?"

"இருக்கு." அவள் பையிலிருந்து எடுத்துப் புதிதாகச் சிப்பு வாங்கினாள்.

சீட்டு வந்தது. ராடே விலகினான், அண்ணன் தம்பி விலகினார்கள். வெர்னா கட்டினாள். கஸ் தன் சீட்டைப் பார்த்தான், அவளுடைய கையைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அவன் விலகப்போகிறான் என்று அவள் நினைத்தாள். கஸ் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு அவள் கட்டியதைப் போல மூன்று மடங்கு நடுவில் தள்ளினான்.

பிறகு மூக்கு அடைத்த குரலில் கஸ் ஏதோ பாட்டை முனக ஆரம்பித்தான்.

வெர்னாவுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. படுபாவி, கையில் ஒன்றுமே இல்லாமல் அவளை ஏமாற்றப் பார்க்கிறான்.

"பாக்கறேன்" என்றாள்.